திருட்டு ளகரம்

கரியாலூர்
29 ஜூன் 2025

அன்புத் தங்கை சுபஸ்ரீக்கு,

நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் நலந்தானே? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டிராக்டரில் இடக்காலை ஊன்றி ஏறச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லி வை.

பள்ளி திறந்தாயிற்று. விடுதிக் காப்பாளர் பொறுப்பு இந்த வருடமும் என் தலையில்தான். சனி, ஞாயிறு என்று மலையிறங்கி வர முடியாது. போனில் பேசலாம் என்றால், நாம் ஹலோ சொல்வதற்குள் சிக்னல் கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் போய்விடுகிறது. ஆகவே பழையபடி கண்டக்டர் ராஜாங்கம் அண்ணன்தான் நமக்குத் தபால்காரர். "கவர்மெண்டு பைல்கூட இவ்ளோ தடவ ஏறி எறங்குறதில்ல சார்" என்று சலித்துக்கொண்டேதான் உறையை வாங்கிக்கொண்டார்.

உறையில் இருக்கும் பென் டிரைவில் பிள்ளைகள் எழுதிய புதுக் கதைகள் இருக்கின்றன. வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள், இலக்கண வகுப்பு வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். சாமை அறுப்பு, கரடி வந்த கதை, மாமன் மச்சான் சண்டை எல்லாம் உண்டு. நீ கணினியில் அமைத்துக் கொடுத்த நாரை மென்பொருளில்தான் சேர்த்து வைக்கிறோம். யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும் பழையதையும் அது தொலைக்காமல் வைத்திருப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஒரு புகார். பௌர்ணமி என்று தேடினால் பாதிக் கதைகள்தான் வருகின்றன. மீதிக் கதைகளில் பிள்ளைகள் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் முழு ளகரமும் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கல்யாணப் பத்திரிகை, அரசாங்கச் சுற்றறிக்கை என்று இந்தத் திருட்டு ளகரம் புகாத இடமில்லை. போன முறை நீ பென் டிரைவில் வைத்த குறிப்பில்கூட கெளரவம் என்று ளகரம் போட்டிருந்தாய். தமிழாசிரியன் தங்கை செய்கிற காரியமா இது? உன் நாரையிடம் சொல்லி இதற்கு ஒரு வழி பண்ணு.

அம்மாவிடம் ஊறுகாய் தீர்ந்தது என்று சொல்லவும்.

அன்பு அண்ணன்,
தமிழழகன்


கள்ளக்குறிச்சி
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். அப்பா வலது காலை ஊன்றித்தான் ஏறுகிறார். ஊறுகாய் தனிப் பையில் வருகிறது, பாட்டிலை நேராகப் பிடிக்கச் சொல்லி ராஜாங்கம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மலையில் குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளி இருக்கிறதா?

முதலில் ஒன்று. நாரை என்னுடையது இல்லை. அதன் இங்கிலீஷ் பெயருக்குத் தமிழில் நாரை என்று அர்த்தம் சொன்ன நாளிலிருந்து நீ அதை ஏதோ நம் வீட்டில் வளர்க்கிற பறவை மாதிரி பேசுகிறாய். உலகத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிற கணினி நிரல் அது. யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியது உடனே சேர்ந்துவிடாது. சிலர் வரி வரியாகப் படித்து, சரி என்றோ நிறுத்து என்றோ காரணத்தோடு பொதுவில் எழுத வேண்டும். அந்தப் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆபீஸ் வேலை போக மிஞ்சும் நேரத்தில் நான் செய்வது இதுதான்.

உன் புகாரை இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். லிஸ்பனிலிருந்து மார்த்தா என்கிற பெண் பதில் போட்டாள். நாரையின் மூத்த கைகளில் ஒருத்தி. நான் முதன்முதலில் அனுப்பிய திருத்தத்தைப் பொறுமையாகப் படித்து, எட்டுத் தடவை தப்புச் சொல்லி, ஒன்பதாவது தடவை சேர்த்துக்கொண்டவள். இந்த எழுத்துச் சிக்கல் அழகாக இருக்கிறது, நானே எழுதிப் பார்க்கிறேன் என்கிறாள். தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாளாம்.

என் கௌரவத்தில் இருந்த ளகரத்தைத் திருத்திவிட்டேன். பென் டிரைவில் பார்த்துக்கொள்.

தங்கை,
சுபஸ்ரீ


கரியாலூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே வேண்டும். ஊறுகாய் சிந்தாமல் வந்தது. குளிருக்குக் கம்பளி இருக்கிறது, அதற்குள் ஒரு பூனையும் இருக்கிறது.

கடிதத்தை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ளகரத் தொல்லைக்காக லிஸ்பனில் ஒருத்தி அ, ஆ படிக்கிறாள் என்றால் சும்மாவா? தலைமையாசிரியர் தெய்வசிகாமணி சார் சாதாரணமாக எதற்கும் தலை நிமிரமாட்டார். அவரே நிமிர்ந்து, "உங்க தங்கச்சிக்கு இன்னா வேல அங்க?" என்று கேட்டார். ஊரார் எழுதுவதில் குறை கண்டுபிடிக்கிற வேலை என்றேன். நம் வீட்டில் அது உனக்குப் பிறவிக் குணம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எனக்குப் பெருமையாக இருக்கிறது சுபா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இங்கே காய்ச்சியது.

அன்புடன்,
அண்ணன்


கள்ளக்குறிச்சி
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தைலம் தேய்த்து அப்பா மாடிப்படி ஏறுகிறார். ஆனால் வீடு முழுக்க வாசனை, அம்மா ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள். உனக்குச் சளி பிடித்திருப்பதாக ராஜாங்கம் அண்ணன் சொன்னாரே, இப்போது எப்படி?

மார்த்தாவின் திருத்தம் வந்துவிட்டது. தமிழ் என்று குறித்து வைத்த கோப்புகளை நாரையில் சேர்க்கும்போது, ஒற்றைக் கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் தனி ளகரம் நின்றால் அது திருட்டு ளகரம் என்று கண்டுபிடித்து ஔகாரமாக மாற்றிவிடும். வெள்ளம், தெளிவு எல்லாம் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அந்த ளகரங்களுக்குப் புள்ளியோ கொக்கியோ இருக்கிறது, அவற்றைத் தொடாது. ஒரு முழு அகராதியை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு சொல்கூடக் கெடவில்லை.

மற்ற இரண்டு பேர் படித்துச் சரி சொல்லிவிட்டார்கள். ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் படிக்காமல் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சரி என்றால் சேர்ந்துவிடும். திருத்தத்தின் தலைப்பில், யோசனை தந்தவர் சுபஸ்ரீ, கள்ளக்குறிச்சி என்று எழுதியிருக்கிறாள். ஊர்ப் பெயரை அவளாகவே சேர்த்திருக்கிறாள். நம் ஊர்ப் பெயரை அங்கே பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிரலைப் படித்துவிட்டேன். அழகாக எழுதியிருக்கிறாள். அடுத்து, உன் பிள்ளைகளின் கதைகளை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு என் பதிலைப் போடப்போகிறேன்.

தங்கை,
சுபஸ்ரீ


கரியாலூர்
7 செப்டம்பர் 2025

உலகப் புகழ் தங்கைக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதம் வந்தபின் அதற்கு இங்கே என்ன வேலை? அம்மா அப்பா நலம் என்பதில் மகிழ்ச்சி.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தெய்வசிகாமணி சாரிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். குழந்தைகள் தின விழாவில் பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு உன்னைப் பாராட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நவம்பர் பதினான்கு. அதற்குள் சேர்ந்துவிடும் அல்லவா? அறிவிப்புப் பலகையில் இப்போதே எழுதியாயிற்று: "உலகக் கணினிகளுக்கு ஔகாரம் கற்றுத் தந்த நம் மாவட்டப் பெண்." கையெழுத்து என்னுடையது. ஔகாரத்தின் பின்குறியை ளகரத்தைவிடச் சின்னதாக, முறைப்படி எழுதியிருக்கிறேன்.

பஸ்ஸில் ராஜாங்கம் அண்ணன் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அவர் சொல்லும்போது நீ ஏதோ விமானம் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. நானும் திருத்தவில்லை.

விழாவுக்கு நீ வர வேண்டும். அம்மாவையும் கூட்டி வா.

பெருமை தாங்காத அண்ணன்,
தமிழழகன்


கள்ளக்குறிச்சி
14 செப்டம்பர் 2025

அண்ணா,

நலம். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள், உனக்கும் ஒரு பை கடலை வருகிறது. அப்பா ஆலைக்குப் போயிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். விளக்கு என்பதை உன் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் எழுதும்போது வெளக்கு என்றுதானே தட்டுகிறார்கள்? அந்த மாதிரி வேறு சொற்கள் என்னென்ன உண்டு? அது தப்பா, அல்லது அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? கொஞ்சம் விவரமாக எழுது. அவசரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுபஸ்ரீ


கரியாலூர்
21 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாம் சுகம். மல்லாட்டை வந்தது, விடுதிப் பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுத்தேன். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. விழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை ஜாஸ்தியா?

கேள்வி நல்ல கேள்வி. தமிழாசிரியனிடம் கேட்டாய், அனுபவி. எழுத்தில் இகரமாக நிற்பது, அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஆனால், நம் வாயில் எகரமாக இறங்கும். விளக்கு வெளக்கு ஆகும். மிளகாய் மெளகா ஆகும். கிளம்பு கெளம்பு. சாமை விளைந்தது என்பது சாமை வெளஞ்சது. விரல்கூட வெரல்தான். கள்ளக்குறிச்சியிலும் இப்படித்தான், கல்வராயன் மலையிலும் இப்படித்தான். இது வாய்க்கு வந்தபடி உளறுவதல்ல, எல்லார் வாயிலும் ஒரே ஒழுங்கில் நடப்பது. இதைத் தப்பு, கொச்சை என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. பிள்ளைகளின் கதைகளிலிருந்து வாக்கியங்கள் எடுத்துத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். "அம்மா வெளக்கு ஏத்திக்கினு இருந்தாங்க. நான் கெளம்பிட்டேன்." எவ்வளவு அழகு பார்.

எதற்குக் கேட்டாய் என்று எழுதவில்லையே. காலாண்டு விடுமுறைக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

அண்ணன்


கரியாலூர்
8 அக்டோபர் 2025

தங்கைக்கு,

வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு பாதி பஸ்ஸிலேயே தீர்ந்தது. அப்பாவுக்கு இன்னொரு பாட்டில் தைலம் அனுப்புகிறேன்.

கோபமாக இருக்கிறேன், உன் மேல் இல்லை. விடுமுறையில் உன்னை எத்தனை தரம் கேட்டேன், திருத்தம் சேர்ந்துவிட்டதா என்று. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள், சோறு ஆறுகிறது சாப்பிடு என்று பேச்சை மாற்றினாய். நேற்று தெய்வசிகாமணி சார் வேலையாகக் கள்ளக்குறிச்சி போனவர், நாரையின் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். மார்த்தாவின் திருத்தத்துக்கு எதிரே சிவப்பில் நிறுத்தப்பட்டது என்று இருந்ததாம். உள்ளே போய் யார் என்று பார்ப்பதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

யார் அந்த மகானுபாவன்? இரண்டு பேர் சரி சொல்லியாயிற்று, நீயும் சொல்லியிருப்பாய். நடுவில் ஒருவன் வந்து, தமிழ்தானே, கிடக்கட்டும் என்று முட்டுக்கட்டை போட்டிருக்கிறான். நீ எனக்கு வருத்தம் தரக்கூடாது என்று மறைத்திருக்கிறாய், அது புரிகிறது. அவன் ஊர், பேர் எழுது. தமிழில் திட்டினால் அவனுக்குப் புரியாது. சார் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்கிறார்.

பலகையில் எழுதியதை நான் அழிக்கப் போவதில்லை.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா, அப்பா நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நிறுத்தியது நான்தான்.

பிள்ளைகளின் கதைகளைத் திருத்தத்தில் ஓட்டினேன் என்று சொன்னேனே, ஓட்டி முடித்ததும் திரையில் ஒன்றும் மாறின மாதிரியே இல்லை. பௌர்ணமி என்று தேடினால் எல்லாக் கதையும் வந்தது. துள்ளாத குறை. அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒரு கதை கேட்கட்டும் என்று கணினியையே வாசிக்க விட்டேன். வாசித்துக்கொண்டே வந்தது. திடீரென்று அம்மா, "இன்னாடி அது, வவுக்கு வவுக்குன்னு நாய் கொலைக்கிற மாரி படிக்கிது? வெளக்குன்னு படிக்கச் சொல்லுடி" என்றாள்.

சிரித்துவிட்டு எழுத்தை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. வெளக்கில் இருந்த நல்ல ளகரத்தையும் திருட்டு ளகரம் என்று பிடித்து, வௌக்கு ஆக்கி வைத்திருந்தது. மெளகா மௌகா ஆகிவிட்டது. கெளம்பு, வெளஞ்சது எல்லாமே போய்விட்டன. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அகராதியில் விளக்கும் மிளகாயும்தான் இருக்கின்றன, அதனால் மார்த்தாவின் சோதனையில் சிக்கவில்லை. வரி வரியாகப் படித்த எனக்கும் தெரியவில்லை, நாள் முழுக்க வெளக்கு வெளக்கு என்று பேசுகிற எனக்கு! பிள்ளைகளை வீட்டில் பேசுகிறபடி எழுது என்று நீ எழுத வைத்தாய். இதைச் சேர்த்தால், அவர்கள் பேசுவதை நாரை ஓசைப்படாமல் அழித்துக்கொண்டே இருக்கும். உன் பள்ளியில் மட்டுமில்லை, பேச்சுத்தமிழ் எழுதுகிற எல்லாரிடமும்.

உனக்குக் கேள்வி அனுப்பினேன். நீ எழுதிய ஒழுங்கை அப்படியே இங்கிலீஷில் போட்டு, தமிழாசிரியரான என் அண்ணன் சொன்னது என்று உன் பெயரோடு எழுதி, நிறுத்து என்று போட்டேன். என் பெயரை யோசனை தந்தவர் என்கிற இடத்திலிருந்து எடுக்கச் சொல்லியும் எழுதினேன். மற்ற இருவரில் ஒருவர், எழுத்துப்பிழைகளுக்காக ஒரு நல்ல திருத்தத்தைத் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மார்த்தா, இந்தச் சொற்கள் எந்த அகராதியிலாவது உண்டா என்று கேட்டாள். அகராதியில் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கின்றன என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து சத்தமே இல்லை.

விடுமுறையில் நீ எதிரில் உட்கார்ந்து, பலகையில் எழுதியதைக் கையை ஆட்டி ஆட்டி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. எனக்காகத் தமிழ் எழுத்துப் படித்தவளிடம் பொதுவில் நிறுத்து என்று சொல்ல முடிந்தது, உன்னிடம் முடியவில்லை.

பலகையை அழித்துவிடு அண்ணா. சாரிடம் நான் வேண்டுமானால் எழுதுகிறேன்.

சுபஸ்ரீ


கள்ளக்குறிச்சி
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? தீபாவளிக்கு வரவில்லை. ஊருக்குப் போகாத பிள்ளைகளுடன் விடுதியில் இருக்கிறேன் என்று அம்மாவுக்குப் போன் செய்தாயாம், அதற்குள் லைன் அறுந்துவிட்டதாம். உன் பங்கு அதிரசத்தை டப்பாவில் போட்டு அனுப்பினோம். திரும்பி வந்த உறையில் பென் டிரைவ் இருந்தது, கடிதம் இல்லை. உள்ளே ஏதாவது குறிப்பாவது இருக்கும் என்று திறந்து பார்த்தேன், கதைகள் மட்டும்தான் இருந்தன. "சாரு ஒண்ணும் பேசலம்மா, குடுத்துட்டுப் பூட்டாரு" என்றார் ராஜாங்கம் அண்ணன்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுத வேண்டியிருக்கிறது, விஷயம் அப்படி.

மார்த்தா பதில் போட்டாள். சும்மா இருந்த நாட்களில் லிஸ்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, நம் வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர்கள் மதுரைப் பக்கமாம். அவர்கள் வாயிலும் வெளக்குதானாம். பழைய திருத்தத்தை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள். புதிதாக ஒன்று எழுதியிருக்கிறாள். இது எதையும் மாற்றாது. சந்தேகமான ளகரத்தைக் கண்டால், எழுதினவரிடம் கேட்கும். அவர் சொல்வதுதான் முடிவு. தேடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துக் காட்டும். அதைப் படித்தேன், மூன்று இடத்தில் குறை சொன்னேன், திருத்தினாள். நேற்று நான் சரி என்று போட்டேன், சேர்ந்துவிட்டது. இனி இந்திய எழுத்துகளைத் தொடுகிற எந்தத் திருத்தமும் நான் படிக்காமல் சேராது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு எதுக்குடி அழுவுற?" என்றாள்.

இன்னொன்று. புதுத் திருத்தம் வந்தாலும் பழையது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க, நாரையில் சோதனை வாக்கியங்கள் வைப்பார்கள். உலகத்தில் யார் எதை மாற்றினாலும், அந்த வாக்கியங்கள் ஒரு எழுத்தும் மாறாமல் வெளியே வந்தால்தான் மாற்றம் ஏறும். உன் பிள்ளைகளின் வாக்கியங்களை அதில் வைக்க மார்த்தா அனுமதி கேட்கிறாள். பள்ளி சரி என்றால்தான் வைப்பாள். பிள்ளைகளையும் சாரையும் கேட்டு, இதற்கு மட்டுமாவது பதில் சொல்.

சுபஸ்ரீ


கரியாலூர்
15 நவம்பர் 2025

என் சுபாவுக்கு,

சிக்னலுக்காகக் கொண்டை ஊசி வளைவில் நின்று நான் அனுப்பிய "பள்ளி சம்மதம்" என்ற குறுஞ்செய்தி உனக்கு வந்து சேர்ந்ததாகத் தெரிந்தது. அதற்கு மேல் இரண்டு வார்த்தை போயிருக்கும், நான்தான் தட்டவில்லை. அம்மா, அப்பாவின் நலம் கேட்டு எழுதாமல் இத்தனை நாள் இருந்ததில்லை. எல்லாரும் சுகந்தானே? அதிரசம் நன்றாக இருந்தது.

கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்று பிள்ளைகளிடம்கூடச் சிடுசிடுத்தேன். ஊரெல்லாம் சொல்லி வைத்தாயிற்று, இப்போது என் தங்கையே நிறுத்திவிட்டாள் என்று எந்த முகத்தோடு சொல்வது என்றிருந்தது. பேனாவை எடுப்பேன், வைப்பேன். பிறகு ஒரு சாயங்காலம் பிள்ளைகள் எழுதிய கதைகளை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வெளக்கு வரும்போதும், இது போயிருக்குமே, இதுவும் போயிருக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது. நானும் பார்த்திருக்கமாட்டேன், தெரிந்துகொண்டிருக்கவும் மாட்டேன். பலகையில் எழுதியதை அன்றே அழித்தேன். புதிதாக என்ன எழுதுவது என்று தெரியாமல் விழா வரைக்கும் வெறும் பலகையாகவே விட்டுவிட்டேன். தெய்வசிகாமணி சார் நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை.

நேற்று விழா. பெற்றோர் நிறைய வந்திருந்தார்கள், அறுப்பைப் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. உன்னைப் பற்றிப் பேச என்னை ஏற்றினார்கள். திருத்தம், சோதனை என்று நான் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், முன்வரிசையில் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். மரவள்ளி போடுகிற சின்னக்கண்ணு, எட்டாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, எழுந்து நின்றார். "சார், சுருக்கமா சொல்லுங்க. உங்க தங்கச்சி இன்னா செஞ்சாங்க? எதனா கண்டுபுடிச்சாங்களா?"

இல்லைங்க என்றேன். எல்லாரும் நல்லாயிருக்குது என்று சொன்ன ஒன்றை, அவங்க மட்டும் வேணாம்னு சொன்னாங்க என்றேன்.

"எதுக்கு வேணாம்னாங்க?"

"நீங்க உங்க வூட்ல வெளக்குன்னு சொல்றத அது மாத்திப்புடும். அதான் வேணாம்னாங்க."

அவர் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். "அப்ப சரியாத்தான் சொல்லிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்ட ஆரம்பித்தார். அப்புறம் முன்வரிசை தட்டியது, பிள்ளைகள் தட்டினார்கள், சாரும் எழுந்து தட்டினார். கண்டுபிடித்தவர்களுக்கு, ஜெயித்தவர்களுக்கு என்று எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன் சுபா. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னதற்காக ஒரு கூட்டம் எழுந்து நின்று தட்டி நேற்றுத்தான் பார்த்தேன். மேடையில் நின்றபடி நானும் தட்டினேன். தமிழாசிரியன் தன் தங்கைக்குக் கை தட்டுவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அரையாண்டு விடுமுறைக்கு வருகிறேன். இந்தத் தடவை எது இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம்.

வேண்டாம் என்று சொன்னவளின் அண்ணன்,
தமிழழகன்